மூச்சுக் கருவியைப் பரணில் ஏற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறட்டைக்குப் பின்னால், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருக்கலாம் என்ற செய்தி இப்போது பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'ஸ்லீப் ஸ்டடி' என்னும் உறக்கப் பரிசோதனை செய்துகொள்வோரும், அதன்பின் 'ஆட்டோ சிபாப்' என்னும் தானியங்கி மூச்சுக் கருவியை வாங்குவோரும் பெருகியிருக்கிறார்கள். ஆனால் வாங்கியவர்களில் பலர் ஒரு மாதம் தாண்டுவதற்குள் அதைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய் வீணாவது ஒரு பக்கம். "அந்த மெஷின் எனக்கு ஒத்துக்கல" என்று முடிவுகட்டிவிட்டு, ரத்த அழுத்தத்தையும் பகல் தூக்கத்தையும் சுமந்துகொண்டே காலம் தள்ளுவது அதைவிடப் பெரிய இழப்பு. உறக்க ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கும் நாங்கள் கண்டவரை, ஒத்துக்கொள்ளாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: பொருந்தாத மாஸ்க், மிகக் குறைவாக வைக்கப்பட்ட தொடக்க அழுத்தம், கவனிக்காமல் விட்ட மூக்கடைப்பு. மூன்றும் முதல் இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யக் கூடியவை. சரிசெய்துகொடுக்க ஆள் வராததுதான் குறை. கடிதம் நீளமாக இருந்தாலும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். இது ஆக்சிஜன் மெஷின் கிடையாது. அறையில் இருக்கும் அதே காற்றை வடிகட்டி, சற்று அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்பும் சிறு விசிறி, அவ்வளவுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. உள்ளே மூச்சை இழுக்கும் வேகத்தில், நனைந்த காகித உறிஞ்சுகுழல் ஒட்டிக்கொள்வதுபோல் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. பத்து நொடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அதை ஒரு மூச்சுநிறுத்தமாகக் கணக்கிடுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை முறை மூச்சு நிற்கிறது, எத்தனை முறை வெகுவாகக் குறைகிறது என்பதன் கூட்டுத்தொகையே அறிக்கையில் காணும் ஏ.எச்.ஐ. எண். 5க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். கருவியின் காற்றழுத்தம் தொண்டையை ஒட்டவிடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. தாங்கும் வரைதான் பலன். கழற்றி வைத்துவிட்டால் நோய் திரும்பிவிடும். மாத்திரையைப் போல உடம்பில் மிச்சம் தங்காது.

அழுத்தத்தை நீர் சென்டிமீட்டர், அதாவது அத்தனை சென்டிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் என்ற கணக்கில் சொல்கிறோம். ஆட்டோ கருவியின் எல்லை பொதுவாக 4 முதல் 20 வரை. மூச்சின் அலை தட்டையாவது, குறட்டையின் அதிர்வு, மூச்சு நிற்பது ஆகியவற்றைக் கருவி உணர்ந்து அழுத்தத்தை மெல்ல ஏற்றும். சீரானதும் மெல்ல இறக்கும். மல்லாந்து படுத்தால் ஏறும், ஒருக்களித்தால் இறங்கும், கனவுத் தூக்கத்தில் மறுபடி ஏறும். இந்தச் சாமர்த்தியத்தை நம்பித்தான் பலர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 4–20 என்று விட்டுவிடுகிறார்கள். முதல் இரவின் பெரும்பாலான தொல்லை இங்கேதான் ஆரம்பம்.

பெரியவர் ஒருவருக்கு 4 என்பது பல நேரங்களில் போதாது. மாஸ்க்கை மாட்டிய உடனே "காத்தே வரல, மூச்சு முட்டுது" என்று பதறிக் கழற்றுவார்கள். அவர்கள் சொல்வது உண்மை. மாஸ்க்கில் சிறு துளைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் விடும் கரியமிலக் காற்று அவற்றின் வழியாகத்தான் வெளியேறும். அழுத்தம் 10 இருக்கும்போது அந்தத் துளைகள் வழியே நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் காற்று போய்க்கொண்டிருக்கும். 4 இருக்கும்போது ஏறக்குறைய 20 லிட்டர்தான். வாயையும் மூக்கையும் மூடும் பெரிய மாஸ்க்காக இருந்தால் உள்ளே தேங்கும் காற்றும் அதிகம். கீழெல்லையை 6 அல்லது 7க்கு உயர்த்தியதும் "இப்ப நல்லா இருக்கு" என்பவர்களே அதிகம். காற்று கூடியும் மூச்சு எளிதாவதைப் பார்த்து நோயாளிகளே வியப்படைவார்கள்.

மேலெல்லை 20 என்று திறந்து கிடப்பதிலும் சிக்கல் உண்டு. நள்ளிரவில் மாஸ்க் நழுவிக் காற்று கசிந்தால் கருவியின் கணக்கு குழம்புகிறது, அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தம் கசிவைப் பெருக்குகிறது, புயலடித்ததுபோல் காற்று முகத்தில் வீச, தூங்கியவர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கருவியின் பதிவைப் பார்த்தால், இரவின் நடுநிலை அழுத்தம் எவ்வளவு, நூற்றுக்கு 95 பங்கு நேரம் எந்த அழுத்தத்துக்குள் இருந்தது என்று தெரியும். நடுநிலை 8.4, 95 பங்கு எண் 11.2 என்று வந்தால், 7 முதல் 13 வரை என்று எல்லையைச் சுருக்கித் தருவது மருத்துவர்கள் செய்யும் வழக்கம். நோயாளி தானாகவே உள்மெனுவைத் திறந்து மாற்ற வேண்டாம். ஆனால் "என் 95 பங்கு எண் என்ன, கீழெல்லையை ஏற்றலாமா" என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். கேட்டால்தான் பார்ப்பார்கள் என்ற நிலை இருப்பது வருத்தம், ஆனாலும் கேளுங்கள்.

தூங்கும் வரை அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்து மெல்ல ஏற்றும் 'ராம்ப்' வசதி எல்லாக் கருவியிலும் உண்டு. படுத்ததும் ஐந்து நிமிடத்தில் குறட்டை விடுபவருக்கு 45 நிமிட ராம்ப் வைத்தால், அந்த நாற்பது நிமிடமும் மூச்சு நின்று நின்று வரும். அவருக்குத் தானாகத் தூக்கத்தைக் கண்டறியும் 'ஆட்டோ ராம்ப்', அல்லது 10 நிமிடம் போதும். இரவு இரண்டு மணிக்கு விழித்து, காற்று பலமாகத் தோன்றினால் மாஸ்க்கைக் கழற்றத் தேவையில்லை. கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் ராம்ப் மறுபடி கீழிருந்து தொடங்கும். மூச்சை வெளிவிடும்போது மட்டும் அழுத்தத்தை 1, 2 அல்லது 3 அளவு தணிக்கும் வசதியும் இருக்கிறது. எதிர்க்காற்றில் மூச்சு விடுவதுபோல் சிரமப்படுபவருக்கு இது பெரிய ஆறுதல். 3 வைத்தால் கீழெல்லையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டி வரலாம் என்பதையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இனி மாஸ்க். 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவரது குழுவும் இந்தச் சிகிச்சையை முதன்முதலாக வெளியிட்டபோது, மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் மூக்கில் பசைபோட்டு ஒட்ட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் மோட்டார் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. சத்தம் கிட்டத்தட்ட இல்லை. முகத்தோடு பொருந்துவதுதான் இன்னும் ஆளுக்கு ஆள் வேறுபடும் வேலையாக இருக்கிறது.

மூன்று வகை உண்டு. நாசித் துவாரங்களின் வாயில் மட்டும் உட்காரும் 'நேசல் பில்லோ', மூக்கை மூடும் 'நேசல் மாஸ்க்', மூக்கையும் வாயையும் மூடும் 'ஃபுல் ஃபேஸ்'. கடைக்காரர்கள் பெரும்பாலும் ஃபுல் ஃபேஸைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். வாய் திறந்து தூங்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் கருத்து வேறு. மூக்கு திறந்திருப்பவருக்கு நேசல் மாஸ்க்கைத்தான் முதலில் முயல வேண்டும். ஃபுல் ஃபேஸ் மாஸ்க் தாடையைப் பின்னுக்குத் தள்ளும், கசியும் ஓரம் நீளம், பலருக்கு அதிக அழுத்தமும் தேவைப்படும். மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர், வாயால் மூச்சுவிடும் பழக்கத்தைக் கைவிடவே முடியாதவர் ஆகியோருக்கே அது சரி.

கடையில் நாற்காலியில் உட்காரவைத்து அளவு பார்ப்பதும் தவறு. படுத்ததும் கன்னமும் தாடையும் வேறு வடிவம் எடுக்கின்றன. தூங்கும் அதே நிலையில் படுத்து, கருவியை ஓடவிட்டு, அழுத்தம் 10 அளவில் இருக்கும்போது பொருத்த வேண்டும். பல கருவிகளில் இதற்கென்றே 'மாஸ்க் ஃபிட்' பொத்தான் இருக்கிறது. பட்டைகளை முதலில் தளர்த்துங்கள். சிலிக்கான் மெத்தையை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கிவிட்டு மறுபடி மெல்ல வையுங்கள். அதன் உள்மடிப்பு காற்றில் உப்பி விரியும். விரிந்த மடிப்புதான் முகத்தோடு ஒட்டுகிறது, பட்டையின் இறுக்கம் ஒட்டவைப்பதில்லை. பிறகு கீழ்ப் பட்டைகளை இரு பக்கமும் சமமாக, கடைசியில் மேல் பட்டைகளை இழுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் அந்த உள்மடிப்பு நசுங்கிக் கசிவு கூடும். காலையில் மூக்குத் தண்டில் சிவந்த தழும்பும், சில நாளில் புண்ணும் மிஞ்சும். கண்ணுக்குள் காற்று அடித்தால் மேல் பட்டையையோ நெற்றித் தாங்கியையோ பாருங்கள். பெரும்பாலும் மாஸ்க் ஓர் அளவு பெரிதாக இருக்கும்.

நம் ஊர் முகங்களுக்கே உரிய சில சங்கதிகள் கம்பெனிப் புத்தகத்தில் இருக்காது. மூக்குத்தி அவற்றில் முக்கியமானது. நேசல் மாஸ்க்கின் ஓரம் சரியாக மூக்குத்தியின் மேல் வந்து உட்காரும். கல் உயர்ந்திருந்தால் மெத்தை தூக்கிக்கொண்டு ஊசிமுனை அளவில் கசியும், விடிவதற்குள் மெத்தையில் கீறலும் விழும். இருபுறமும் குத்தியிருந்தால் இரட்டைச் சிக்கல். கழற்ற மனமில்லாதவர்கள் தட்டையான சிறு மூக்குத்திக்கு மாறலாம், அல்லது இன்னும் அகலமான நேசல் மாஸ்க்கை முயலலாம். கொண்டை போட்டுப் படுத்தால் பின்பட்டை மேலேறி நழுவும். தளர்வாகப் பின்னிப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வது நல்லது. அடர்ந்த மீசை, தாடி உள்ளவர்களுக்கு மேலுதட்டில் படாத நேசல் பில்லோ வசதி. பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குபவர், கழற்றிய முகத்தோடுதான் அளவு கொடுக்க வேண்டும். இரவில் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய், மூக்கில் தைலம் தடவும் பழக்கம் சிலிக்கானுக்கு ஆகாது. வழுக்கும், சீக்கிரம் உப்பிப் பழுதாகும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாஸ்க்கை மாட்டினால் பாதிக் கசிவு நின்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாஸ்க்கின் முன்பக்கத் துளைகளிலிருந்து வரும் காற்று பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் அடிக்கிறது என்று, அந்தத் துளைகளில் பஞ்சு வைத்தோ டேப் ஒட்டியோ அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும்.

காலையில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டுமளவுக்கு வாய் காய்ந்திருந்தால், இரவில் வாய் திறந்து காற்று அந்த வழியே போயிருக்கிறது என்று பொருள். உடனே தாடைப் பட்டை வாங்க ஓடாமல், முதலில் மூக்கைப் பாருங்கள். மூக்கு அடைத்தால் வாய் தானாகத் திறக்கும். தூசி ஒவ்வாமை, வளைந்த நடுச்சுவர், சதை வளர்ச்சி ஆகியவற்றைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, தேவையான ஸ்ப்ரேயைத் தொடங்கினால் பல நாள் பிரச்சினை ஒரே மாதத்தில் தீரும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை மூன்று, ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை வீங்கவைத்து நிரந்தர அடைப்பை உண்டாக்கிவிடும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலத்தை, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் மட்டுமே கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது.

மூக்கு சரியாக இருந்தும் வாய் திறந்தால், தொட்டித் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரின் அளவைப் பார்க்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில், ஏசி இல்லாத அறையில், காற்றிலேயே போதிய ஈரம் இருப்பதால் 1 அல்லது 2 போதும். சிலருக்குத் தேவையே இராது. ஏசி அறையில் காற்று காய்ந்துவிடும், 4 வரை வைக்க வேண்டி வரும். ஆனால் ஏசியை 20இல் வைத்து ஈரத்தையும் கூட்டினால், டியூபுக்குள் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். நள்ளிரவில் டியூபில் கொடகொட என்று சத்தம் கேட்டு, பிறகு மூக்கில் தண்ணீர் தெறிக்கும். கருவி பழுதென்று நினைத்துவிடுகிறார்கள். ஏசியை 25, 26க்கு ஏற்றுங்கள், டியூபைப் போர்வைக்குள் விடுங்கள், ஈரத்தை ஓர் அளவு குறையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிர்காலத்தில் சூடாகும் டியூப் வாங்குவது வீண் செலவு ஆகாது. கருவி தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்; தேங்கிய நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும்.

பாயில் படுப்பவர்கள் கருவியை வெறும் தரையில் வைத்துவிடுகிறார்கள். தூசியும் எறும்பும் நேராக உள்ளே போகும். அரையடி உயர மணைப்பலகை போதும். கொசுவத்திச் சுருளையும் சாம்பிராணியையும் கருவி இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள். அந்தப் புகை வடிகட்டியைத் தாண்டித் தொண்டைக்குப் போகும். கொசுவலை கட்டிக்கொண்டு கருவியை வலைக்கு வெளியே வைத்து, டியூபை மட்டும் உள்ளே விட்டால் எந்தத் தடையும் இல்லை.

தொட்டிக்குக் கேன் தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீரா, பேட்டரி தண்ணீரா என்று கேட்காதவர் இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர் என்று லேபிளில் தெளிவாக இருப்பதையே வாங்குங்கள். பேட்டரி கடையில் கிடைப்பது எல்லாம் மூச்சில் கலப்பதற்கென்று தயாரிக்கப்படுவதில்லை. நம் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் ஒரு வாரத்தில் தொட்டியின் அடித்தகட்டில் வெள்ளைப் படிவம் தெரியும். அது படிந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து அலசலாம். மிச்சத் தண்ணீரை மறுநாள் பயன்படுத்தக் கூடாது. காலையில் கொட்டிவிட்டு, தொட்டியைத் திறந்தபடி காயவிடுங்கள். யூகலிப்டஸ் தைலம், விக்ஸ், பன்னீர் எதையும் தொட்டியில் விட வேண்டாம். தண்ணீரோடு கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாலோ சாய்த்தாலோ மோட்டாருக்குள் நீர் போய்ப் பழுதாகும். பயணத்தின்போது கருவியைக் கைப்பெட்டியில், தொட்டியைக் காலி செய்து, மருத்துவரின் சீட்டோடு எடுத்துப்போக வேண்டும்.

மின்வெட்டு பற்றிய பயம் நியாயமானது. மின்சாரம் போனால் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் உள்ள வால்வு தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும். நேசல் மாஸ்க் போட்டிருப்பவர் வாயால் மூச்சு விடலாம். மூச்சு முட்டிப்போகும் ஆபத்து இல்லை, தூக்கம் கலையும். ஹியூமிடிஃபையரும் சூடாகும் டியூபும் ஓடும்போது கருவி 50 வாட்டைத் தாண்டும். இரண்டையும் அணைத்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வீட்டில் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் கணக்குப்படி 1,800 வாட்-மணி. பழசானதில் பாதி கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 900. எட்டு மணி நேரத்துக்குக் கருவிக்கு 400, ஒரு சீலிங் ஃபேனுக்கு 600 என்றால் விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். ஈரத்தை அணைத்துவிட்டால் தாங்கும். இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள பொத்தானை 'யூபிஎஸ்' பக்கம் வைத்தால் மாறும் நேரம் குறைந்து கருவி நிற்காமல் ஓடும். கார் பேட்டரியில் நேராக ஒயர் மாட்டுவது கூடாது. அந்தந்தக் கம்பெனியின் டி.சி. மாற்றி வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மாஸ்க் என்றாலே நெஞ்சு படபடக்கிறது என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரவில் பழக்கக் கூடாது. பகலில், உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, முதலில் டியூப் இல்லாமல் மாஸ்க்கைக் கையால் பிடித்தபடி ஐந்து நிமிடம். பிறகு பட்டையோடு. பிறகு டியூபைச் சேர்த்துக் காற்றோடு இருபது, முப்பது நிமிடம். அது சலிப்பாகும் அளவுக்குச் சாதாரணமானதும் மதியத் தூக்கத்துக்கு, அதன்பின் இரவுக்கு. வீட்டில் உள்ளவர்கள் இந்த நாட்களில் கேலி பேசாமல் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. பேரப்பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று தாத்தா கூச்சப்பட்டால், பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டித் தொட்டுப் பார்க்க விட்டுவிடுங்கள்.

வயிறு உப்பி ஏப்பம் வந்தால் காற்றை விழுங்குகிறார் என்று பொருள். ஒருக்களித்துப் படுப்பது, வெளிமூச்சில் தணிக்கும் வசதியைக் கூட்டுவது, மேலெல்லையைக் குறைப்பது என்ற வரிசையில் முயலலாம்.

"நாலு மணி நேரம் போட்டா போதும்னு சொன்னாங்க" என்று பலர் மூன்று மணிக்குக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மாதத்தில் நூற்றுக்கு எழுபது இரவுகளாவது நான்கு மணி நேரம் என்பது அமெரிக்கக் காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பதற்கு வைத்த அளவுகோல். உடம்புக்கு அது இலக்கு ஆகாது. கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி விடியற்காலைப் பக்கம்தான் வருகிறது. தொண்டைத் தசைகள் மிகவும் தளர்வதும், பலருக்கு மூச்சு மிக நீளமாக நிற்பதும் அப்போதுதான். மூன்று மணிக்குக் கழற்றினால் நோயின் மோசமான பகுதியைச் சிகிச்சையில்லாமல் விட்டதாக ஆகும். கழிப்பறைக்கு எழுந்தால் மாஸ்க்கைக் கழற்றாமல் டியூபை மட்டும் பிரித்துவிட்டுப் போய்வந்து மறுபடி செருகிக்கொள்ளலாம்.

தினமும் காலையில் திரையில் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம், கசிவு எவ்வளவு, ஏ.எச்.ஐ. எவ்வளவு. ரெஸ்மெட் கருவிகளில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். மற்ற கம்பெனிகள் வேறு விதமாகக் கணக்கிடுவதால் அந்த எண்ணை அங்கே பொருத்தாதீர்கள். ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே வர வேண்டும். ஓர் இரவு 7 காட்டினால் கவலை வேண்டாம், ஒரு வாரச் சராசரியைப் பாருங்கள். குறையாமல் நின்றால் அது எந்த வகை என்று அறிக்கையில் பிரித்துக் காட்டும். தொண்டை அடைப்பால் என்றால் கசிவும் கீழெல்லையும் காரணமாக இருக்கும். தொண்டை திறந்திருந்தும் மூச்சு நிற்பதாகக் காட்டினால் அது மூளையிலிருந்து கட்டளை வராத வகை. சிகிச்சை தொடங்கியதால் தோன்றுவது பெரும்பாலும் சில வாரங்கள், மாதங்களில் அடங்கிவிடும், ஆனாலும் மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்கள், அதிக உடல் எடையால் பகலிலும் கரியமிலக் காற்று தேங்குபவர்கள் ஆகியோருக்கு ஆட்டோ கருவியைக் கடையில் வாங்கி மாட்டுவது சரியில்லை. ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து அழுத்தத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

சுத்தம் செய்வதில் சிக்கல் ஏதும் இல்லை. மெத்தையைத் தினமும், டியூபையும் பட்டையையும் வாரம் ஒருமுறை, மென்மையான சோப்புக் கரைசலில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். டெட்டால் வேண்டாம், கொதிநீர் வேண்டாம். வெள்ளை வடிகட்டியைக் கழுவ முடியாது; நம் தெருத் தூசிக்கு மாதம் ஒருமுறை பார்த்து, பழுப்பானதும் மாற்றுங்கள். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டிகளை இணையத்தில் பார்த்து வாங்க வேண்டாம். அவற்றைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இலேயே எச்சரித்திருக்கிறது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. உள்ளே இருந்த ஒலி அடக்கும் நுரைப்பஞ்சு உதிர்ந்து காற்றுப் பாதையில் கலக்கலாம் என்பது காரணம். அந்தத் தலைமுறைக் கருவிகள் பழையதாக விற்பனைக்கு வரக்கூடும். பழைய கருவி வாங்குவோர் வரிசை எண்ணைக் கம்பெனியிடம் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். முந்தையவரின் அழுத்த எல்லை அதில் அப்படியே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவர்களிடமும் விற்பனையாளர்களிடமும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மருந்துச் சீட்டில் 'ஆட்டோ சிபாப் 4–20' என்ற ஒற்றை வரியோடு நோயாளியை அனுப்பாதீர்கள். கீழெல்லை, மேலெல்லை, மாஸ்க்கின் வகையும் அளவும், வெளிமூச்சில் தணிக்கும் அளவு, கருவியின் பதிவு அட்டையோடு (மெமரி கார்டு) திரும்ப வர வேண்டிய தேதி ஆகியவற்றையும் எழுதுங்கள். விற்பவர்கள் கருவியை இறக்கிவைத்த மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் ஆளை அனுப்பி, நோயாளியைப் படுக்கவைத்து மாஸ்க்கைச் சரிபார்க்க வேண்டும். பொருந்தாத மாஸ்க்கை முதல் மாதத்துக்குள் மாற்றித்தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள் என்று வாசகர்களுக்கும் சொல்கிறோம். பணம் கொடுக்கும் முன் அந்த உறுதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே பரணில் ஏற்றிவிட்டவர்கள், வடிகட்டியையும் மெத்தையையும் புதிதாகப் போட்டு, அட்டையில் உள்ள பழைய பதிவோடு மருத்துவரிடம் ஒருமுறை போய்க் காட்டலாம். எதனால் நிறுத்த நேர்ந்தது என்பது அந்தப் பதிவிலேயே தெரியும். அறுவைச் சிகிச்சைக்குச் சேர்பவர்கள் மயக்க மருத்துவரிடம் இந்த நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லி, கருவியையும் மாஸ்க்கையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும். மயக்கம் தெளிந்த முதல் இரவில்தான் அது மிகவும் தேவைப்படும்.

இப்படிக்கு,
உறக்க ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.